வரத்து பூஜ்யம்

காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நிலவரம் வாசிக்கும். "வெளியேற்றம் தொள்ளாயிரத்துப் பத்து மெகா. தேக்கம் நிறைவு. ஓடை சீர்" என்று ஒரு பெட்டி சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டுப் பெட்டி ஆரம்பித்துவிடும். ஒரு காலத்தில் பாபநாசம் அணையின் நீர்வரத்தையும் இருப்பையும் வானொலியில் இப்படித்தான் வாசிப்பார்களாம். எங்களுக்கு அணை, ஆறு எல்லாமே இந்தப் பெட்டிதான். பள்ளிக்கூடம், வைத்தியம், கோயில் தரிசனம், பெண் பார்ப்பது, துக்கம் விசாரிப்பது அத்தனையும் காட்சிச் சுவரில் ஓடையாக வருகிறது. ஆகவே தூத்துக்குடியில் காலையில் எதிரே வருபவரிடம் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "ஒங்க வீட்ல இன்னைக்கி எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள்.

அதற்குப் பதில் சொல்வதிலும் ஒரு கௌரவம் உண்டு. எழுநூறு என்பவன் குரல் தானாக இறங்கும். தொள்ளாயிரம் என்பவன் நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி சொல்வான். முப்பத்தொரு வருடமாக ஓடை ஆய்வாளராக இருக்கும் எனக்கு இந்தப் பெருமையைக் கண்டாலே எரிச்சல் வரும். என்ன அளக்கிறோம் என்றே தெரியாமல் அளவைப் பற்றிப் பீற்றிக்கொள்கிற ஊர் எங்கள் ஊர்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது உப்பள முதலாளி தனுஷ்கோடி வீட்டிலிருந்து புகார் வந்தது. போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தொள்ளாயிரத்தி அம்பது வாசிக்கு. எனக்கு எண்ணூத்தி எழுவது. ஒரே தெரு, ஒரே கட்டணம். இது என்ன நியாயம்?"

"படம் நிக்குதா மொதலாளி?"

"நிக்கல."

"கொரல் பிசிறடிக்குதா?"

"அதெல்லாம் இல்ல."

"பெறவு என்ன கொறை?"

"அவனுக்குக் கூட இருக்குல்லா, அதான் கொறை."

தலையில் அடித்துக்கொள்ளாமல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். "நல்லா கேட்டுக்கிடுங்க. பெட்டி சத்தமா வாசிக்கது வெளியேற்றம். அதாவது பெட்டியில இருந்து சுவருக்குப் போற அளவு. வெளிய இருந்து பெட்டிக்குள்ள எவ்வளவு வருதுங்கதுதான் வரத்து. அத பெட்டி வாசிக்காது. கீழ சின்னதா ஒரு சன்னல் இருக்கும், அதுல நாமதான் பாக்கணும்" என்றபடி அந்தச் சன்னலைத் தேடினேன். சன்னலைக் காணோம். அந்த இடத்தில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. போன வருடத்துப் பொட்டு, அதற்கடியில் அதற்கு முந்தைய வருடத்துப் பொட்டு. நகத்தால் சுரண்டப் போனேன். தனுஷ்கோடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூஜைப் பொட்ட சுரண்டாதிய அண்ணாச்சி!"

"பொட்டு வைக்கதுக்கு ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலயா?"

"நெத்தியிலதான வைக்கணும்? நடுவுல இருக்கதுதான நெத்தி?"

எங்கள் ஊரில் பத்து வீட்டில் எட்டு வீட்டில் இதே கதைதான். கருவி என்றால் பொட்டு வைக்க வேண்டும், பொட்டு என்றால் நடுவில்தான் வைக்க வேண்டும். பெட்டியை வடிவமைத்தவன் எந்த ஊர்க்காரனோ, அந்தச் சன்னலைச் சரியாக நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டான். ஈரத் துணியால் பக்குவமாகத் துடைத்தேன். உள்ளே சிறிய எழுத்தில் 540 என்று தெரிந்தது.

"ஐநூத்தி நாப்பதுதான் வருதா? அப்ப மீதி முன்னூத்தி முப்பது?"

"நிரப்பி போடுது."

நிரப்பி என்றால் அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஓடை வழியாக நடந்துகொண்டிருந்த ஓர் அறுவைச் சிகிச்சை பாதியில் நின்று, அடுத்தடுத்து அதேபோல நாலைந்து விபரீதங்கள் நடந்து, நில்லா ஓடைச் சட்டம் வந்தது. பார்ப்பவர் கண்முன் எந்த ஓடையும் நிற்கக் கூடாது. வரத்து குறைந்தால் அடுத்த நொடியில் என்ன வந்திருக்கும் என்று பெட்டிக்குள் இருக்கும் நிரப்பி ஊகித்து, முகத்தையும் குரலையும் தானே வரைந்து இட்டு நிரப்பிவிடும். கண் இமைக்கும் நேரத்து இடைவெளிகளுக்காகச் செய்த ஏற்பாடு அது. எவ்வளவு நிரப்பினேன் என்பதை மறைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சன்னல். சனங்களோ தங்களுக்கென்று ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஓடை சீராக ஓடினால் மெய், திக்கினால் நிரப்பு கலந்திருக்கிறது. உண்மை இதற்கு நேர் எதிர் என்று நானும் முப்பத்தொரு வருடமாகத் தொண்டை கிழியச் சொல்லி வருகிறேன். கேட்பவர் யார்?

தனுஷ்கோடிக்கும் ஒரு மணி நேரம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அந்தத் தொள்ளாயிரத்தி அம்பது எனக்கும் வர ஏதாச்சும் வழி உண்டா?" என்று கேட்டார். வந்த கோபத்தில் அவர் வீட்டுக் காப்பியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் புறப்பட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்று. என் வீட்டில் இந்த வருடம் பூஜை கிடையாது. மாசி மாதம் என் மனைவி ஆவுடையம்மாள் காலமானாள். துக்க வருடத்தில் பூஜைக்குத்தான் தடை, தூசி தட்டத் தடையில்லையே என்று துணியை எடுத்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள். ஒன்று உள்ளூர் ஓடைகளுக்கு. மற்றது நெடுந்தொலைவுப் பெட்டி, கடல் கடந்து பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மட்டும் இருக்கும். எங்கள் ஒரே மகள் நங்கை வடகடல் மிதவை நகரத்தில் பாசிப் பண்ணைப் பொறியாளர். போய் மூன்று வருடம் ஆகிறது.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். ஊரெல்லாம் போய்ச் சன்னலைத் துடைத்துவிட்டு வருகிற என் வீட்டிலும் நெடுந்தொலைவுப் பெட்டியின் நடுநெற்றியில் சந்தனப் பொட்டு இருந்தது. போன ஆயுத பூஜைக்கு ஆவுடை வைத்தது. "அந்த எடத்துல வைக்காத" என்று அன்றைக்கே சொன்னேன். "நெத்திய விட்டுட்டு வேற எங்க வைப்பாவ?" என்று அவளும் தனுஷ்கோடி கட்சியாகத்தான் பேசினாள். பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு அவள் போய்விட்டாள். அவள் விரல் தடம் அந்தச் சந்தனத்தில் அப்படியே இருந்தது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் என்ன, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தினமும் நான் வேலைக்குப் போவேன்.

பெட்டியின் மேல்பக்கத்தைத்தான் துடைத்தேன். காய்ந்து வெடித்திருந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஐயோ என்று கையேந்தினேன். கையில் தூள்தான் விழுந்தது. உதிர்ந்த இடத்தில் சன்னல் தெரிந்தது.

வரத்து 0.

சன்னல் பழுதாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். தொழில்காரன் இல்லையா? பையிலிருந்து அளவுமானியை எடுத்து, பெட்டிக்குள் நுழையும் வரிக் கம்பியில் மாட்டினேன். பூஜ்யம். கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினேன். பூஜ்யம். சரி, இன்று காலையில் ஏதோ அறுந்திருக்கிறது என்று பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். நேற்று பூஜ்யம். முந்தாநாள் பூஜ்யம். ஆவணியில் பூஜ்யம், ஆடியில் பூஜ்யம். விரலால் தள்ளத் தள்ள வரிசையாகப் பூஜ்யம் வந்துகொண்டே இருந்தது. மாசி மாதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். போன ஐப்பசி பதினேழாம் தேதியில் வந்து நின்றது. அன்றைக்குப் பெரும்புயல். அதற்கு முந்தைய நாள் வரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.

பதினோரு மாதமாக என் மகளிடமிருந்து இந்த வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரவில்லை.

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அந்தப் பதினோரு மாதத்தில் என்னென்ன நடந்தது என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் போட்டது. நங்கை வடகடலுக்குப் போவதில் ஆவுடைக்குச் சம்மதமே இல்லை. "போனா போனதுதான், என் மொகத்துல முழிக்காத" என்று சொல்லிவிட்டாள். நங்கையும் கோபத்தில் போய்விட்டாள். இரண்டு வருடம் நான் மட்டும்தான் பேசுவேன். ஆவுடை அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பாள். ஐப்பசி இருபதாம் தேதி, புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், நங்கை சுவரில் வந்து, "அம்மாவக் கூப்புடுங்கப்பா, நாந்தான் தப்பு பண்ணிட்டேன், மன்னிப்பு கேக்கணும்" என்று அழுதாள். ஆவுடை கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தாள். அதற்குப் பிறகு நாலு மாதம் தாயும் மகளும் பேசாத பேச்சில்லை. மாசியில் மூச்சு அடங்கும்போதுகூட ஆவுடையின் கண் சுவரில்தான் இருந்தது. நங்கை அங்கே விழுந்து விழுந்து அழுதாள். ஏழு மாதமாக மாலைதோறும் வந்து எனக்குத் தேறுதல் சொன்னாள்.

அவ்வளவும் நிரப்பு. என் மனைவி தன் மகள் என்று நம்பிக் கண்ணை மூடியது இந்தப் பெட்டியைப் பார்த்து.

எழுந்து சுவரை இயக்கினேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். ஆனாலும் அடுத்த நொடியே நங்கை வந்தாள். குளித்து, சடை பின்னி, சிரித்த முகமாக வந்தாள். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. என் மகள் பேசும்போது பாதி நாள் "வேலையா இருக்கேன், பெறவு பேசுதேன்" என்றுதான் சொல்வாள். இந்தப் பதினோரு மாதத்தில் ஒரு நாள்கூட அப்படிச் சொல்லவில்லை. தாயைப் பறிகொடுத்த பெண், மனம் இளகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மடையன்.

"என்னப்பா, இந்நேரத்துல? மேலுக்கு முடியலயா?"

"நீ யாரு?" என்று கேட்டேன்.

"என்னப்பா கேக்கிய? நங்கைப்பா. அங்க வேகம் கொறைவா இருக்கா? எனக்கு நீங்க தெளிவாத்தான் தெரியுதிய. இங்க தொள்ளாயிரத்திப் பத்து காட்டுது."

அந்தக் கண்களில் உண்மையாகவே கவலை இருந்தது. சுவரை அணைத்துவிட்டேன்.

துறைமுகச் சாலையில் இருக்கும் இணைப்பகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அங்கே நெடுந்தொலைவு வரிகளுக்குப் பொறுப்பு ஜெபசிங். என்னிடம் வேலை பழகியவன், என்மேல் மரியாதை உள்ளவன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். ஆச்சரியப்படுவான், பதறுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒனக்குத் தெரியுமா?"

"வடகடல் வரி புயல்லயே அந்துட்டு அண்ணாச்சி. கடலுக்கடியில நாப்பது எடத்துல அந்துருக்கு. சரி பண்ண இன்னும் ரெண்டு வருசம் ஆகும்னு சொல்லுதாவ. அதான் சுத்தறிக்கை வந்துச்சே."

"எனக்கு எந்தச் சுத்தறிக்கையும் வரல."

அவன் திரையில் அதை எடுத்துக் காட்டினான். வடகடல் வரியில் வரத்து இல்லை, சட்டப்படி ஓடையை நிறுத்த இயலாது, நிரப்பு நூறு விழுக்காடு வரை அனுமதிக்கப்படுகிறது, சன்னலில் வரத்து காட்டப்படுவதால் தனியாகத் தெரிவிக்கத் தேவையில்லை. கீழே படித்து அறிந்தேன் என்று எல்லா ஆய்வாளர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏழாவது கையெழுத்து என்னுடையது. சுற்றறிக்கை வாரத்துக்குப் பத்து வரும். எவன் படிக்கிறான்? போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பேன்.

"கடிதாசி? அவ எழுதுன கடிதாசிகூட வந்துதே?"

"அதும் அதே வரிதான. அதும் நிரப்புதான்."

"எதுக்கு அவ மன்னிப்பு கேக்க மாதிரி நிரப்புச்சு? எங்க வீட்டுச் சண்டையில அதுக்கு என்ன வேல?" நான் கத்தியதில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜெபசிங் மெதுவாகச் சொன்னான்: "பாக்கவங்க எந்திரிச்சுப் போயிரக் கூடாது. நிரப்பிக்கு அது ஒண்ணுதான் விதி. வரத்து கொஞ்சமாச்சும் இருந்தா அதுக்கு ஏத்தாப்புலதான் வரையும். சுத்தமா இல்லன்னா, முன்னால இருக்கவங்க மொகத்தப் பாத்து, அவங்களுக்கு என்ன வேணுமோ அத வரையும். ஆவுடையக்காவுக்கு அதான வேண்டியிருந்துச்சு."

அவனே தொடர்ந்தான். "அண்ணாச்சி, ஒங்களுக்கு இங்க ஒரு பெட்டி இருக்க மாதிரி நங்கைக்கு அங்க ஒரு பெட்டி இருக்குல்லா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. இந்தப் பதினோரு மாதமும் இங்கிருந்து அங்கேயும் ஒரு சொட்டுப் போகவில்லை. மாசி மாதம் நான் சுவரைப் பார்த்து, "உங்கம்மா போயிட்டாட்டி" என்று கதறியது என் வீட்டைத் தாண்டவில்லை. என் மகளுக்கு அவள் தாய் இறந்தது தெரியாது.

நேரில் போய்ச் சொல்ல வழியில்லை. எங்கள் காலத்தில் ஆளுக்கு ஆயுளில் இரண்டு நெடும்பயணத்துக்குத்தான் அனுமதி. இரண்டையும் இளவயதில் தீர்த்துவிட்டேன். ஒன்று துபாய்க்கு வேலைக்குப் போக, மற்றது வேலை பிடிக்காமல் திரும்பி வர.

"நேர் வரி ஒண்ணு இருக்கு" என்றான் ஜெபசிங். "எஞ்சினியர்மாருக்கு மட்டும், விண்கோள் வழியா நங்கை கைக்கருவிக்கே போவும். ரெண்டு மெகாதான் வரும். குரல் விட்டு விட்டுத்தான் கேக்கும். படம் நிமிசத்துக்கு ஒண்ணு விழும், அசையாது. ஆனா நிரப்பு கெடையாது, வந்தது வந்தபடி. இன்னைக்கி சாயந்தரம் ஆறு மணிக்கு எனக்கு ஆறு நிமிசம் ஒதுக்கியிருக்கு. என் வேலைய நான் பாத்துக்கிடுதேன், நீங்க பேசுங்க. இத விட்டா அடுத்தது தை மாசந்தான்."

ஆறு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். சுற்றி வளைக்கக் கூடாது, ஆறு நிமிடம்தான். உங்கம்மா மாசி மாதம் தவறிட்டா, நீ பார்க்கிறது அம்மா இல்லை. இரண்டே வாக்கியம். நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். நூறு தடவையும் இரண்டாவது வாக்கியத்தைப் பாதியில் விட்டேன்.

ஆறு மணிக்கு வரி கிடைத்தது. அங்கே மதிய இடைவேளை. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல், "யாரு?" என்றது. வெடுக்கென்று, பொறுமையில்லாமல், கொஞ்சம் கரகரத்து வந்தது. என் நங்கைதான். பதினோரு மாதம் கழித்து அந்தச் சிடுசிடுப்பைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"அப்பாட்டி. அப்பா பேசுதேன்."

"அப்பாவா? என்னப்பா இப்படி விட்டு விட்டுக் கேக்கு? எங்க இருந்து பேசுதிய?"

முதல் படம் விழுந்தது. தலைமுடியைக் காதுவரை வெட்டியிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். மெலிந்து, கன்னம் வற்றி, கையில் ஒரு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். இன்று காலை சடை பின்னி வந்தவளுக்கும் இவளுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்தபோது, இவ்வளவு நாள் ஏமாந்தது உடம்பெல்லாம் சுட்டது. பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். சுவரில் எங்கள் அடுக்களை தெரிந்தது. அடுக்களையில், பதினாறாம் நாள் நான் எடுத்துத் தானம் கொடுத்துவிட்ட பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு, ஆவுடை நின்றாள்.

ஜெபசிங் என் தோளைத் தொட்டான். நாலரை நிமிடம் இருந்தது.

"நங்கை, நல்லா கேளு. நான் இணைப்பகத்துல இருந்து நேர் வரியில பேசுதேன். ஒன் பெட்டியில வரத்து எவ்வளவுன்னு பாரு. சின்ன சன்னல்ல."

"அந்த சன்னலா? அது மேல அம்மா தந்த திருச்செந்தூர் முருகன் படத்த ஒட்டிருக்கேம்பா."

"அதப் பிய்ச்சுட்டுப் பாரு."

"சும்மா இருங்கப்பா. அம்மா தந்தது. ஒட்டுனத எதுக்குப் பிய்க்கணும்? ஒங்க பக்கம் வேகம் எவ்வளவு?"

"ரெண்டு."

"ரெண்டு மெகாவா!" அவள் சிரித்தாள். "அப்ப நீங்க பேசுததுல முக்கால்வாசி நிரப்பாத்தான் இருக்கும். படமும் நின்னு போச்சு. இதுல நீங்க எதச் சொன்னாலும் நான் நம்ப முடியாது. வேகம் வந்ததும் கூப்புடுங்க."

"வச்சிராத! நிரப்பு இல்ல, இதுதான் மெய். ஒனக்கு அங்க தெரியுதே, அதுதான் நிரப்பு. நங்கை, உங்கம்மா மாசி மாசம்..."

இரைச்சல் விழுங்கிவிட்டது. "என்னது? மாசி மாசம் என்ன?" என்று அவள் கேட்டாள். இரண்டாவது படம், மூன்றாவது படம் விழுந்தன. அவள் முகத்தில் இப்போது எரிச்சல் இருந்தது. "அப்பா, ரெண்டு வருசம் பேசாம இருந்துட்டு அம்மாவே எறங்கி வந்து பேசுதாவ. 'நாந்தான் தப்பு, நீ போனது சரிதான்'னு அம்மா வாயால சொன்னாவ. இப்பத்தான் நான் நிம்மதியாத் தூங்குதேன். நீங்க பாட்டுக்கு ஏதாச்சும் உளறி அதக் கெடுக்காதிய."

இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. இரண்டு பேரும் மற்றவள் இறங்கி வந்ததாக நம்பினார்கள். ஒருத்தி அந்த நம்பிக்கையோடு செத்தும் போனாள். இதை அந்தப் பெண்ணிடம் எந்த வார்த்தையில் சொல்ல? ஜெபசிங் மூன்று விரலைக் காட்டினான். சொல்லித்தான் ஆக வேண்டும். இன்று சொல்லாவிட்டால் தை மாதம் வரை அவள் ஒரு பெட்டியை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். நான் வாயைத் திறந்தேன்.

"யாருட்டி அது?" என்று ஒரு குரல் கேட்டது.

நங்கையின் அறைச் சுவரிலிருந்து வந்து, அவள் கருவிக்குள் நுழைந்து, விண்கோளுக்கு ஏறி இறங்கி, இரைச்சலில் நனைந்து வந்தது அந்தக் குரல். ஆனாலும் ஆவுடையின் குரல். ஏழு மாதமாக நான் கேட்காத குரல்.

"அப்பாதாம்மா. வரி சரியில்ல. என்னமோ ஒளறுதாவ" என்றாள் நங்கை.

"டூட்டியில இருந்து பேசுதாவளா? இந்தக் கருவிய அவ்வளவு சத்தமா வச்சுப் பேசாதன்னா கேக்காளா இவ." ஆவுடை அலுத்துக்கொண்டாள். பிறகு குரலைச் சற்று உயர்த்தி என்னிடம் கேட்டாள்: "ஏங்க... சாப்ட்டியளா?"

எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக இந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது. அந்த அறையில் என் குரல் கேட்டது, அங்கிருந்த நிரப்பி ஊகித்தது, வரைந்தது, நிரப்பியது. வரத்து பூஜ்யம். முப்பத்தொரு வருடம் இதைத்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

"சாப்ட்டேன் ஆவுடை" என்றேன்.

ஜெபசிங் சடாரென்று திரும்பி என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, ரெண்டு நிமிசந்தான் இருக்கு. சொல்லிருங்க அண்ணாச்சி" என்று காதருகே கெஞ்சினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"என்ன சாப்ட்டிய?" என்று ஆவுடை கேட்டாள். நங்கை ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. கடைசிப் படத்தில் மகள் கழுத்தைத் திருப்பித் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. இட்லி என்றேன். தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டாள். வரி அறுகிற வரைக்கும், மீதி இருந்த இரண்டு நிமிடமும், என்னென்ன சாப்பிட்டேன் என்று அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.